உலுரு பாக்கப் போறீங்களா? காடி, கேமரா, அப்புறம் கேமராவ பைக்குள்ள போட வேண்டிய எடம்

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல என் போட்டோ கடைக்கு பாரத்துல ஒட்ற படம் எடுக்க வர்றவங்க, ஸ்டூல்ல உக்காந்ததும் லென்ச பாக்க மாட்டாங்க, எனக்குப் பின்னால செவத்துல மாட்டியிருக்கற செவப்பு மலையத்தான் பாப்பாங்க. "இது எங்கண்ணே? நெஜமாவே இந்தக் கலரா, இல்ல கம்ப்யூட்டர்ல போட்டதா?" அதுக்குள்ள ஒரு படம் வீணாப் போயிடும். கேட்டவங்கள்ல ரெண்டு மூணு குடும்பம் இப்ப டிக்கெட்டே பாக்க ஆரம்பிச்சிட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரேயடியா எழுதிடறேன்.

அது உலுரு. ஆஸ்திரேலியாவுக்கு நட்ட நடுவுல, நார்தர்ன் டெரிட்டரில இருக்கு. பழைய பாடப் புஸ்தகத்துல ஏயர்ஸ் ராக்னு படிச்சிருப்பீங்க. 1873ல ஒரு வெள்ளக்கார சர்வேயர் வந்து பாத்துட்டு அப்ப இருந்த ஒரு பெரிய அதிகாரி பேர வச்சிட்டுப் போனான், ஆனா அங்க இருக்கற ஆதிக்குடி அனாங்கு மக்களுக்கு அது என்னைக்கும் உலுருதான். 1993ல ரெண்டு பேரையும் சேத்து வச்சாங்க, 2002ல உலுருவ முன்னால கொண்டு வந்தாங்க. நம்ம தைப்பிங்ல மாக்ஸ்வெல் ஹில் புக்கிட் லாருட் ஆச்சுல்ல, அந்த மாதிரி. தரையிலேர்ந்து 348 மீட்டர். கோலாலம்பூர் கேஎல் டவர் 421 மீட்டர், அதவிடக் குள்ளம்தானேன்னு நெனைக்காதீங்க, இது சுத்தளவே 9 கிலோமீட்டருக்கு மேல. ஒரே கல்லு.

நான் கல்யாணம் காதுகுத்துன்னு படம் எடுக்கற ஆளு, மலை படம் எடுத்துப் பழக்கமில்ல. போனது நான், என் வீட்டுக்காரி, அக்கா, மாமா, அக்கா மவன். அஞ்சு பேரு ஒரு காடில. அதனால குடும்பமாப் போறவங்களுக்குத்தான் இது லாயக்கு, தனியா பேக் மாட்டிக்கிட்டுப் போறவங்க வேற எங்கயாச்சும் கேட்டுக்கங்க.

எப்ப போறதுன்னா மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும். பகல்ல 20 டிகிரி சொச்சம், கேமரன் மலைல இருக்கற மாதிரி சொகமா இருக்கும். ராத்திரி மட்டும் சும்மா விடாது, சில நாள் சைபருக்குக் கீழயே போவும். பாலைவனம்னா சூடுன்னு நெனச்சி மாமா வெறும் டீ சர்ட்டா அடுக்கிட்டு வந்தாரு, விடியக்கால போர்வைய சுத்திக்கிட்டு சூரிய உதயம் பாத்த ஒரே ஆளு அவருதான். வருச கடைசி லீவுல போலாம்னு சொல்றவங்களுக்கு நான் வேணாம்னுதான் சொல்லுவேன். டிசம்பர், ஜனவரில 40ஐ சர்வ சாதாரணமாத் தாண்டும், நடக்கற பாதைய மூடிடுவாங்க, ஈயும் அப்பதான் ஜாஸ்தி.

விசா பெரிய வேலை இல்ல, நம்ம பாஸ்போர்ட்டுக்கு இடிஏன்னு ஆன்லைன் அனுமதி இருக்கு, போன்ல ஆஸ்திரேலியன் இடிஏ ஆப்ப போட்டு 20 ஆஸ்திரேலிய டாலர் கட்டினா போதும். ஓட்டப்போறவரு ரோட்டு இலாகா ஜேபிஜேல இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துக்கங்க. கேஎல்லேர்ந்து மெல்பர்ன், சிட்னி, அடிலெய்ட் எது மலிவோ அங்க எறங்கி, உள்ளூர் பிளேன்ல அலிஸ் ஸ்பிரிங்ஸ் போயி காடி எடுக்கறது ஒரு வழி. அடிலெய்ட்லேர்ந்தே ஓட்டிக்கிட்டுப் போறதும் உண்டு, 1,500 கிலோமீட்டருக்கு மேல வரும், நடுவுல கூபர் பீடின்னு ஒரு ஊரு, வெயிலுக்குப் பயந்து பாதி சனம் பூமிக்கு அடில வீடு கட்டி இருக்காங்க. ஆச தான், ஆனா எங்கக்காவுக்கு இடுப்பு வலி, அலிஸ் ஸ்பிரிங்ஸ் வழியாவே போனோம். மலைகிட்டயே யுலாராவுல ஒரு ஏர்போர்ட் இருக்கு, நேரா அங்கயே எறங்கலாம், ஆனா அப்படிப் போனா அந்த ரோட்ட நீங்க பாக்கவே மாட்டீங்க.

பையில சாமான் கட்டறப்ப ஒரு விசயம். நம்ம பொம்பளைங்க ஊறுகா, நெத்திலி, மசாலாத் தூள், மெகி எல்லாம் இல்லாம வீட்டு வாசப்படி தாண்ட மாட்டாங்க. கொண்டு போங்க, ஆனா பிளேன்ல குடுக்கற கார்டுல சாப்பாட்டுச் சாமான் இருக்குன்னு உண்மைய எழுதிடுங்க. எழுதினா ஆபீசர் தொறந்து பாத்து வேணாங்கறத மட்டும் எடுத்துப் போட்டுட்டு விட்டுருவாரு. எழுதாம மாட்டினா ஃபைன், அது நம்ம காசுக்கு மாத்திப் பாத்தா வயிறு எரியும். அக்கா கொண்டாந்த கறிவேப்பல போச்சு, மசாலாத் தூள் தப்பிச்சுது.

காடி எடுக்கறப்ப வாடகை மட்டும் பாக்காதீங்க. நார்தர்ன் டெரிட்டரில நெறைய கம்பெனில ஒரு நாளைக்கி இத்தன கிலோமீட்டர்தான் சும்மா, அதுக்கு மேல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு. அங்க ஒரு எடத்துக்கும் இன்னொரு எடத்துக்கும் நடுவுல நூத்துக்கணக்குல கிலோமீட்டர், அந்தக் கணக்கு எங்க கொண்டு போய் விடும்னு பாத்துக்கங்க. இன்னொன்னு, ஊருக்கு வெளிய ராத்திரி ஓட்டி அடிபட்டா இன்சூரன்ஸ் கெடையாதுன்னு பொடி எழுத்துல போட்டிருப்பான். நான் அந்த பொடி எழுத்தப் படிக்காம கையெழுத்துப் போட்டேன், திரும்பி வந்து பில்ல பாத்தப்பதான் புரிஞ்சுது. நாலு சக்கரமும் இழுக்கற பெரிய காடில்லாம் தேவையில்ல, அலிஸ் ஸ்பிரிங்ஸ்லேர்ந்து உலுரு வரைக்கும் நல்ல தார் ரோடு, மைவி சைஸ் சின்னக் காடி கூட போவும். அஞ்சு பேரு சாமானோட போறதா இருந்தா மட்டும் கொஞ்சம் பெருசா எடுங்க.

ரோடு நம்ம மாதிரியே எடது பக்கம், அதுல தல சுத்தல் இல்ல. மொத்தம் 450 கிலோமீட்டர் கிட்ட, கேஎல்லேர்ந்து அலோர் ஸ்டார் போற தூரம்தான். ஆனா நம்ம ஹைவேல மூத்திரம் முட்டறதுக்குள்ள ஒரு ஆர் அண்ட் ஆர் வந்துரும், அங்க ஸ்டூவர்ட் ஹைவேல 200 கிலோமீட்டர் தெக்க போனா எர்ல்டண்டான்னு பெட்ரோல் ஊத்தற எண்ணெக் கடை ஒன்னு, அங்க சோத்தாங்கை பக்கம் லாசெட்டர் ஹைவேல திரும்பி இன்னொரு 240 கிலோமீட்டர் கிட்ட, அந்த ரோட்டுல கர்ட்டின் ஸ்பிரிங்ஸ்னு இன்னொரு கடை, இப்படி ரொம்ப தூரத்துக்கு ஒன்னுதான். எண்ணெ பாதி இருக்குன்னு விட்டுட்டுப் போவாதீங்க, கடையப் பாத்தா ஊத்திருங்க, வெலையப் பாக்காதீங்க. போன் லைன் ஊர விட்டு வெளிய வந்த கொஞ்ச நேரத்துல போயிடும், அதனால மேப்ப முன்னாடியே எறக்கி வச்சிக்கங்க, ஆளுக்கு நாலஞ்சு லிட்டர் தண்ணி காடில எப்பவும் கெடக்கட்டும்.

ஸ்டூவர்ட் ஹைவேல 130 வரைக்கும் ஓட்டலாம்னு பலகை இருக்கும். ஓட்டலாம்னா ஓட்டணும்னு இல்ல. ரோட் ட்ரெயின்னு ஒன்னு வரும், மூணு நாலு டிரெய்லர் கோத்த லோரி, 50 மீட்டருக்கு மேல நீளம், எதுத்தாப்ல அது கடக்கறப்ப காத்து காடிய ஒரு தள்ளு தள்ளும், ஸ்டேரிங்க கெட்டியாப் புடிக்கணும். அத முந்தறதுக்கு முன்னால ரோடு ரொம்ப தூரம் காலியா இருக்கான்னு நல்லாப் பாத்துக்கங்க. ஹைவேல சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஓட்டவே ஓட்டாதீங்க. வேலி கெடையாது, மாடு ரோட்டுல படுத்திருக்கும், கங்காரு புதருக்குள்ளேர்ந்து எந்தப் பக்கம் குதிக்கும்னு அதுக்கே தெரியாது, காட்டு ஒட்டகமும் உண்டு. நம்ம செம்பனைத் தோட்டத்து ரோட்டுல ராத்திரி மாடு நிக்கும்ல, அது 30ல போறப்ப, இது 110ல போறப்ப.

இப்ப எங்க குடும்ப மானம் போன கதை. எர்ல்டண்டா தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல போனதும் எடது பக்கம் தூரத்துல பெரிய செவப்பு மலை, தல தட்டையா, சும்மா கம்பீரமா நிக்கிது. அக்கா "வந்துருச்சு வந்துருச்சு"ன்னு கத்தினாங்க, காடிய ஓரம் கட்டி அஞ்சு பேரும் நின்னு செல்பி, தனிப் படம், சோடிப் படம், எல்லாம் எடுத்தோம், கர்ட்டின் ஸ்பிரிங்ஸ்ல லைன் கெடச்சதும் குடும்ப குரூப்புல போட்டாச்சு, ஊருல எங்க அத்த அத ஸ்டேட்டஸ்லயே வச்சிட்டாங்க. கடைல இருந்த ஆளு சிரிச்சிக்கிட்டே சொன்னான், அது மவுண்ட் கான்னர், வர்றவன் போறவன் எல்லாம் ஏமாறுவான்னு. உலுருவுக்கு இன்னும் நூறு கிலோமீட்டர் இருக்கு. அத்த அந்த ஸ்டேட்டஸ எடுக்கவே இல்ல. அதுவும் அழகான மலைதான், எறங்கிப் பாருங்க, பேர மட்டும் மாத்திப் போட்றாதீங்க.

தங்கறது யுலாரா. உலுரு இருக்கற நேஷனல் பார்க்குக்கு வெளிய இருக்கற ரிசார்ட் ஊரு, அதத் தவிர வேற ஊரு கெடையாது, பார்க்குக்குள்ள கூடாரம் போட விட மாட்டாங்க. ஓட்டல் ரூமு வெல கேட்டா நெஞ்சு வலிக்கும், நாங்க கேம்ப் கிரவுண்டுல தங்கினோம், அங்கயே அடுப்பு வசதி இருக்கு. அரிசி, முட்ட, காய்கறி எல்லாம் அலிஸ் ஸ்பிரிங்ஸ்லயே வாங்கிருங்க, யுலாராவுல ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கு, ஆனா அந்தப் பாலைவனத்துக்கு லோரி வந்து சேர்ற காசும் சேத்துதான் வெல. பார்க் பாஸ் பெரியவங்களுக்கு 38 டாலர், மூணு நாளைக்கி, 18 வயசுக்குக் கீழ சும்மா. ஆன்லைன்ல எடுத்துட்டா வாசல்ல நிக்க வேணாம். பார்க் தொறக்கற மூடற நேரம் மாசத்துக்கு மாசம் மாறும், அத பாத்து வச்சிக்கிட்டு பிளான் பண்ணுங்க.

சரி, படம். நெஜமாவே அந்தக் கலரான்னு கேக்கறவங்களுக்கு: நெஜம்தான், ஆனா நாள் பூரா இல்ல. அந்தக் கல்லுல இரும்பு இருக்கு, காத்தும் தண்ணியும் பட்டு மேல் தோலு துருப்புடிச்சிருக்கு, நம்ம தகரக் கொட்டா மாதிரி. உள்ள அது சாம்ப கலருதான், கொகை ஓரத்துல அந்த நெறம் தெரியும். உச்சி வெயில்ல போனா வெளுத்த செங்கல் மாதிரி, படம் எடுத்தா ஒன்னுமே இருக்காது. சூரியன் கீழ எறங்க எறங்க வெளிச்சம் காத்துக்குள்ள ரொம்ப தூரம் கடந்து வரணும், நீலம் வழிலயே செதறிப் போயிடும், செவப்பு மட்டும் வந்து சேரும், அந்த செவப்பு இந்த துரு மேல படறப்பதான் மலை உள்ளேர்ந்து எரியற மாதிரி ஆவுது.

சாயங்காலப் படத்துக்கு காடிங்க நிக்கற சன்செட் எடம் ஒன்னு இருக்கு, சூரியன் உங்க முதுகுப் பக்கம், மலை எதுக்க. ஒரு மணி நேரம் முன்னாடியே போயி எடம் புடிங்க. கேமராவுல ஒயிட் பேலன்ஸ ஆட்டோல விட்டீங்கன்னா அது "ஐயோ இவ்வளவு செவப்பா"ன்னு பயந்து தானே கொறச்சிடும், டேலைட்ல வச்சிருங்க. போன்ல எடுக்கறவங்க மலை மேல வெரல அழுத்திப் புடிச்சி லாக் பண்ணிட்டு வெளிச்சத்த கொஞ்சம் கீழ எறக்குங்க. பெரிய வைட் லென்ஸ் மாட்டினா மலை ரொட்டித் துண்டு மாதிரி சின்னதாப் போயிடும், என் செவத்துப் படம் 85 எம்எம்ல எடுத்தது, கல்யாணத்துல பொண்ணு முகத்துக்குப் போட்ற லென்சுதான். முன்னால ஸ்பினிஃபெக்ஸ் புல்லு இருக்கற மாதிரி கொஞ்சம் குனிஞ்சி எடுங்க, அந்தப் புல்லு ஊசி மாதிரி குத்தும், முட்டி போட்றாதீங்க. அப்புறம் முக்கியமா, சூரியன் மறஞ்ச உடனே எல்லாரும் காடிய ஸ்டார்ட் பண்ணுவாங்க, நீங்க பண்ணாதீங்க. இன்னும் ஒரு கால் மணி நேரம் நில்லுங்க. மலைக்குப் பின்னால வானத்துல கீழ ஒரு நீல பட்டை, அதுக்கு மேல ரோஸ் பட்டை எழும்பும், மலை ஊதாவுக்கு மாறும். என் படம் அதுதான், பாதி காடி போனதுக்கப்புறம் எடுத்தது.

காலைல தாலிங்குரு நியாகுன்ஜாக்குன்னு ஒரு எடம், மணல் மேட்டு மேலேர்ந்து பாக்கறதுன்னு அர்த்தமாம், பேர சொல்ல வரலன்னா சன்ரைஸ் எடம்னு கேளுங்க. அங்கேர்ந்து உலுருவும் அதுக்குப் பின்னால கட்டா ஜூட்டாங்கற மொட்டை மலைங்களும் ஒரே படத்துல வரும். குளுருல பேட்டரி சீக்கிரம் எறங்கும், ஒன்ன சட்டப் பைக்குள்ள ஒடம்புச் சூட்டுல வச்சிக்கங்க. லென்ச வெளிய மாத்தாதீங்க, அந்த செவப்புத் தூசி மாவு மாதிரி, காடிக்குள்ள கதவ சாத்திட்டு மாத்துங்க.

இனிமே சொல்றதுதான் நான் இத எழுத ஒக்காந்ததுக்கே காரணம்.

உலுருவ சுத்தி நடக்க 10.6 கிலோமீட்டர் பாதை, மெதுவாப் போனா மூணர மணி நேரம். மாலா கார் பார்க்லேர்ந்து கடிகாரம் சுத்தற பக்கமா ஆரம்பிச்சோம், வலமாத்தான் வருதுன்னு என் வீட்டுக்காரிக்கி ஒரே சந்தோசம், செருப்பக் கழட்டலாமான்னு கேட்டா. கழட்டாதீங்க, முள்ளு. கொஞ்ச தூரம் போனதும் ஒரு பலகை, இந்த எடத்துலேர்ந்து படம் எடுக்க வேணாம்னு. அந்தப் பகுதி முடியற எடத்துல இன்னொரு பலகை. வடகெழக்குப் பக்கம் இந்த மாதிரி எடம் நெறைய. கம்பி கெடையாது, காவல் கெடையாது, கேமரா கெடையாது. வெறும் பலகைதான்.

அக்கா மவனுக்கு பதினாறு வயசு. சுத்தி முத்தி பாத்துட்டு "மாமா, யாருமே இல்ல. எடுத்தா யாரு பாக்கப் போறா?"ன்னான். நான் ஒடனே ஒன்னும் சொல்லல, கொஞ்ச தூரம் நடந்தோம். அப்புறம் கேட்டேன், "சின்னப் பாட்டி வீடியோ ஞாபகம் இருக்கா ஒனக்கு?" எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுல, எங்க சின்னம்மாவுக்கு அருள் வந்து முடி அவுந்து சேல கலஞ்சி ஆடினத, எங்கேர்ந்தோ வந்த ஒருத்தன் கிட்டத்துல நின்னு போன்ல எடுத்துப் போட்டுட்டான். கோயிலுக்குள்ள நின்னு பாத்தவங்களுக்கு அது அம்மா வந்து நின்னது. போன்ல பாத்தவனுக்கு அது சிரிப்பு. சின்னம்மா ஒரு வருசம் கோயில் பக்கமே வரல, காய் வாங்கக் கூட வெளிய வரல. அக்கா மவன் பதில் பேசல, போன எடுத்து பைக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்துட்டான்.

பார்க்குல சொல்ற காரணமும் ஏறக்கொறய இதேதான். அனாங்கு மக்களோட சட்டம், சாமி, சரித்திரம் எல்லாம் சேந்தத ஜூக்குர்பான்னு சொல்றாங்க. அவங்களுக்கு வேதம் ஓலையில இல்ல, அந்தக் கல்லுல இருக்கற பள்ளம், வெடிப்பு, கறை, கொகை இதுலதான் எழுதியிருக்கு. அதுல சிலது ஆம்பளைங்க மட்டும் பாக்க வேண்டியது, சிலது பொம்பளைங்க மட்டும், அதுவும் அந்த எடத்துலயே நின்னுதான் பாக்கணும். நீங்க படம் எடுத்து எங்கயோ போட்டா, பாக்கக் கூடாதவங்க கண்ணுல பட்டுரும். கல்லுமலை கோயிலுக்கும் பத்துமலைக்கும் போறோம், கருவறைக்கு நேரா நின்னு யாராச்சும் போன நீட்டினா ஐயரு சத்தம் போடுவாரு, நாமளும் அவரு பக்கம்தான் பேசுவோம். இங்க கதவும் இல்ல, ஐயரும் இல்ல, கருவறை வெட்ட வெளில இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நானும் யோக்கியன் இல்ல. மொத நாளு மலைய சுத்தற ரோட்டுல போறப்ப காடி ஜன்னல் வழியா ஓட்டத்துலயே சடசடன்னு எடுத்துத் தள்ளினேன். ராத்திரி கேம்ப்ல உக்காந்து மேப்போட ஒத்துப் பாத்தா பதினோரு படம் அந்தப் பக்கம். அதுல ஒன்னு, சும்மா சொல்லக் கூடாது, ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. அழிச்சேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுதான் அழிச்சேன்.

அதனால மொத வேலையா கல்ச்சரல் சென்டருக்குப் போயி எந்தெந்த எடம்னு தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் கேமராவத் தொறங்க. அந்த சென்டருக்குள்ளயும் படம் எடுக்கக் கூடாது. அனாங்கு ஆளுங்கள கேக்காம எடுக்காதீங்க, நம்ம லயத்துல ஒருத்தன் வந்து கேக்காம பாட்டிங்கள படம் புடிச்சா எப்படி இருக்கும். ட்ரோன் கூடவே கூடாது. படத்த விக்கணும், விளம்பரத்துக்குப் போடணும்னா தனி பர்மிட் வாங்கணும், கடைக்கு வந்து செவத்துப் படத்த காப்பி போட்டு வெலைக்கிக் குடுங்கன்னு கேக்கறவங்களுக்கு நான் இல்லன்னு சொல்றது அதனாலதான், கஞ்சத்தனம் இல்ல.

படம் எடுக்கலாம்ங்கற எடமே ஏராளம். மாலா கார் பார்க் பக்கம் கொகை ஓவியங்க இருக்கு, ரேஞ்சரு கூட்டிக்கிட்டுப் போயி கதை சொல்ற நடை ஒன்னு இருக்கு, அதுக்கு காசு கெடையாது, கட்டாயம் போங்க. தெக்க முட்டிஜூலு தண்ணிக் குட்டை. அங்க குனியாங்கற மலைப்பாம்புப் பொம்பள, தன் ஒடம்பொறப்போட மவன கொன்ன லிரு விசப் பாம்போட சண்ட போட்ட கதைய வெளியாளுங்களுக்கும் சொல்றாங்க, அந்த அடி விழுந்த தழும்பு இதுன்னு பாறைல காட்றாங்க. அக்கா மவன் என்னைப் பாத்து "எனக்காக நீங்க சண்ட போடுவீங்களா மாமா"ன்னான். வாடகைக் காடிய கீறினா நானே உன்ன கொன்னுடுவேன்னேன்.

மலை மேல ஏறலாமான்னு இன்னும் கேக்குறாங்க. முடியாது. 2019 அக்டோபர் 26லேர்ந்து ஏறறத மூடியாச்சு. அதுக்கு முன்ன சங்கிலி கட்டி ஏறிக்கிட்டு இருந்தாங்க, முப்பது பேருக்கு மேல செத்தும் போயிருக்காங்க. ஏறறவங்களுக்கு அனாங்கு மக்கள் வச்ச பேரு மிங்கா, அப்படின்னா எறும்பு. ஏறின தடம் இன்னும் மலை முதுகுல வெளுத்துப் போயி கோடா தெரியுது. அந்தத் தேதியும் சும்மா வச்சதில்ல, 1985ல அதே அக்டோபர் 26தான் அரசாங்கம் அந்த நெலத்த அவங்க கைல திருப்பிக் குடுத்துச்சு. குடுத்த அன்னைக்கே 99 வருசத்துக்கு பார்க்குக்கு லீசுக்குத் திருப்பி வாங்கிக்கிச்சு, அது வேற. ஆனாலும் பட்டா அவங்க பேருல. இதப் படிச்சப்ப மாமா ரொம்ப நேரம் அந்தப் பலகைகிட்டயே நின்னாரு. அவரு பொறந்த தோட்டம் வித்து வீடமைப்பு வந்து, அவங்க தாத்தா நட்ட முனியாண்டி சாமி கல்ல ஒரு லோரில ஏத்தி டவுன் ஓரமா கொண்டாந்து வச்சது அவருக்குப் பதினாலு வயசுல.

கட்டா ஜூட்டாவுக்கு ஒரு நாள் தனியா ஒதுக்குங்க, யுலாராவுலேர்ந்து 50 கிலோமீட்டர் சொச்சம். பல தலைன்னு அர்த்தம், 36 மொட்டை மலைங்க, பெருசு உலுருவவிட 200 மீட்டர் கிட்ட ஒசரம். நடை பழக்கம் இருக்கறவங்க வேல்லி ஆஃப் தி விண்ட்ஸ்ங்கற நடை பாதைல 7.4 கிலோமீட்டர் போலாம், ஆனா 36 டிகிரி வரும்னு சொன்னா காலைல 11 மணிக்கே மேல் பகுதிய மூடிடுவாங்க. இடுப்பு வலி கோஷ்டி வால்பா பள்ளத்தாக்கு போனா போதும், 2.6 கிலோமீட்டர்தான். எங்க நடந்தாலும் சூட்டு காலத்துல மணிக்கு ஒரு லிட்டர் தண்ணி கணக்கு, 11 மணிக்கு முன்ன முடிச்சிருங்க.

ஈயப் பத்தி சொல்லாம விட்டா என் வீட்டுக்காரி கோச்சிப்பா. கடிக்காது, ஆனா கண்ணு, மூக்கு, வாயோரம் எங்க ஈரம் இருக்கோ அங்க வந்து ஒக்காரும், வெரட்டினா போயி சொந்தக்காரங்களக் கூட்டிக்கிட்டு வரும். தலைல மாட்ற வலை விக்கிது, அழகு பாக்காம வாங்கிருங்க. நாங்க அஞ்சு பேரும் அந்த வலையோட நிக்கற படம்தான் எங்க குரூப்புல இன்னிய வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு.

ராத்திரி வானம் படம் எடுக்கறவங்க அமாவாச ஒட்டிப் போங்க. பார்க் வாசல இருட்டின கொஞ்ச நேரத்துல மூடிடுவாங்க, அதனால யுலாராவுல இருக்கற மணல் மேட்டு லுக் அவுட்லேர்ந்துதான் எடுக்கணும். ஸ்டாண்டு வேணும், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 15லேர்ந்து 20 செகண்டு. ஜூன், ஜூலைல பால் வீதி நடு மண்டைக்கு மேல நிக்கும். எங்க பாட்டி காலத்துல லயத்துல லைட்டு இல்லாதப்ப இப்படித்தான் இருந்திருக்கும்னு அக்கா சொன்னாங்க, நான் ரெண்டே படத்தோட கேமராவ ஓரமா வச்சிட்டு தரைல பாய விரிச்சிப் படுத்துட்டேன்.

கெளம்பறப்ப கல்லு, மண்ணு எதையும் எடுத்துக்கிட்டு வராதீங்க. எடுத்துக்கிட்டுப் போனவங்க வருசக் கணக்கா மன்னிப்புக் கடுதாசி எழுதி தபால்ல திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்காங்க, அதுக்கு சாரி ராக்ஸ்னு பேரே வச்சிருக்காங்க. சப்பாத்துல ஒட்டின மண்ண மட்டும் நல்லா தட்டிக் கழுவிட்டு வாங்க, காடியையும் ஒரு கழுவு கழுவித்தான் திருப்பிக் குடுக்கணும், இல்லன்னா அதுக்கும் காசு புடிப்பான்.

வேற எதாச்சும் கேக்கணும்னா கடைக்கு வாங்க, பதினோரு மணிக்கு மேல. காலைல ஸ்கூல் புள்ளைங்க படம் இருக்கும்.